விலங்காய்வில் எக்கோ பரிசோதனை: நெறிமுறைக் குழுக்கள் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கும் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கும் தரப்படும் டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனால் சிகிச்சையைத் தொடங்கும் முன்பும் இடையிலும் நோயாளிக்கு எக்கோ (மிகை ஒலி அலைகளால் இதயத்தின் இயக்கத்தைப் படமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்துப் பார்ப்பது மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே பாதிப்பை எலிகளிடம் ஆராயும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொகுதியைக் கொன்று இதயத்தை எடுத்துப் பார்க்கும் பழைய முறையையே நம்பியிருக்கும் ஆய்வுத் திட்டங்கள் இன்னும் உள்ளன.

ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு 8 எலிகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மருந்தளவுக்கே 40 உயிர்கள் போகும். எக்கோ எடுத்தால் அதே 8 அல்லது 10 எலிகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை கவனிக்கலாம். அதைவிட முக்கியமானது, ஒவ்வோர் எலிக்கும் மருந்து தருவதற்கு முன் எடுத்த அளவே ஒப்பீட்டுக்குக் கிடைத்துவிடுவதால், எலிக்கு எலி இயல்பாக உள்ள வேறுபாடு முடிவைக் குழப்புவதில்லை.

இது எளிய வேலை என்று நான் சொல்லவில்லை. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும். அதன் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மனிதர்களுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி போதும். இதற்கோ 30, 40 மெகாஹெர்ட்ஸ் தேவை. மார்பு முடியை நீக்கி, சூடாக்கிய மேடையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நான்கு பாதங்களையும் இ.சி.ஜி. தகடுகளில் ஒட்டி, மூக்கருகே ஐசோஃப்ளூரேன் மயக்கமருந்தை அளந்து செலுத்த வேண்டும். ஜெல்லைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் தடவ வேண்டும். உடல் சூடு குறைந்தாலோ மயக்கம் ஆழமானாலோ துடிப்பு தளர்ந்துவிடும். அப்போது மயக்கமருந்தின் விளைவையே நாம் மருந்தின் நச்சு என்று எழுதிவிடுவோம். ஆகவே ஒவ்வோர் அளவோடும் அந்நேரத்து இதயத்துடிப்பையும் பதிவு செய்ய வேண்டும். எந்த எலிக்கு மருந்து தரப்பட்டது என்பது அளவெடுப்பவருக்குத் தெரியவும் கூடாது.

தசையில் நார்த்திசு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்ய இறுதியில் திசு தேவைப்படவே செய்யும். தழும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, அதன் செலவு எல்லா நிறுவனங்களுக்கும் கட்டுப்படியாகாது. இடைப்பட்ட கட்டங்களில் உயிரெடுப்பதைத் தவிர்க்க எக்கோவே போதும் என்பதுதான் என் வாதம்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட 1998-ஆம் ஆண்டு விதிகள், புள்ளியியல் நோக்கில் செல்லத்தக்க முடிவைத் தரும் குறைந்தபட்ச எண்ணிக்கையில்தான் விலங்குகளைப் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. அப்படியிருக்க, இதய நச்சுத்தன்மை குறித்த ஆய்வுத் திட்டம் வரும்போது, "கட்டந்தோறும் கொல்வதற்குப் பதில் ஏன் எக்கோ எடுக்கவில்லை?" என்று நிறுவன நெறிமுறைக் குழுக்கள் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். கருவி இல்லை என்பதே பதிலாக இருந்தால், அருகருகே உள்ள மருத்துவ, கால்நடை, மருந்தியல் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது மையத்துக்கும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒரு நிரந்தரப் பணியாளருக்கும் நிதி ஒதுக்குமாறு ஆய்வு நிதி வழங்கும் அரசுத் துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
மதுரை