டீகப் நாய் விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை வரி விளம்பரத்துல 'டீகப் பொமேரியன், டீகப் சிவாவா, உள்ளங்கையில அடங்கும்'னு இப்பல்லாம் அடிக்கடி வருது. நான் மதுரைல ஒரு கிளினிக்ல கால்நடை டாக்டருக்கு உதவியா இருக்கேன், இந்த மாதிரி விளம்பரத்தப் பாத்து ஆசையா வாங்கிட்டு ரெண்டே நாள்ல குட்டியத் துண்டுல சுத்திக்கிட்டு ஓடி வர்றவங்களப் பாத்துப் பாத்துதான் இத எழுதுறேன்.

டீகப்னு தனியா ஒரு இனமே கிடையாதுங்க. சிவாவா வளந்து முடிச்சாலே ஒன்றரை கிலோல இருந்து 3 கிலோதான், பொமேரியனும் ஏறக்குறைய அவ்வளவுதான். (நம்மூர்ல வீட்டுக்கு வீடு வெள்ளையா புசுபுசுன்னு நின்னுச்சே, அதுல முக்காவாசி இண்டியன் ஸ்பிட்ஸ், அது இதவிட பெருசு, தாங்கவும் தாங்கும்.) அதுக்கும் சின்னதா வேணும்னா என்ன பண்ணுவாங்க, ஈத்துல நோஞ்சானா பொறந்தத நோஞ்சானோட சேப்பாங்க, இல்ல பால் மறக்காத குட்டிய ரெண்டு மாசம்னு சொல்லி தலையில கட்டிருவாங்க. 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது, வளத்து விக்கிறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும்னு 2017லயே விதி வந்தாச்சு, ஆனா வாங்குறவங்க யாரும் கேக்குறதில்ல.

போன மாசம் ஒரு அம்மா இப்படி ஒரு குட்டியத் தூக்கிட்டு வந்தாங்க, வாயத் தொறந்து பாத்தா பால்பல்லே முழுசா வரல. கழுத்து நிக்கல, ஒடம்பு சில்லுன்னு இருக்கு, லேசா வெட்டி வெட்டி இழுக்குது. விஷம் ஏதாச்சும் தின்னுருச்சானு அவங்க அழுறாங்க. விஷமெல்லாம் இல்ல, ராத்திரி பூரா பட்டினி, சுகர் எறங்கிருச்சு. இவ்வளவு சின்ன ஒடம்புல சேமிப்புனு ஒண்ணும் இருக்காது, அதனால மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஏதாச்சும் உள்ள போகணும், ராத்திரியும்தான். டாக்டர் ஈறுல குளுக்கோஸ் தடவி, ஊசி போட்டு, சூடு குடுத்தப்புறம் கண்ண முழிச்சுச்சு. இந்த மாதிரி ஆனா வீட்டுல தேனோ குளுக்கோஸோ ஈறுல தடவிக்கிட்டே ஓடி வாங்க, மயங்கிக் கெடக்கும்போது வாயில தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, நுரையீரலுக்குள்ள போயிரும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல பகல்ல யாரு ஊட்டுவா, அத மொதல்ல யோசிங்க.

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடுன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். முன்னங்கால் எலும்பு பென்சில் மாதிரிதான் இருக்கும், சோபால இருந்து குதிச்சாலே முறியும், பிள்ளை கை நழுவி கீழ விட்டா கேக்கவே வேணாம். சிவாவாக்கு உச்சந்தலையில எலும்பு மூடாம மெத்துனு ஒரு எடம் பல குட்டிக்கு இருக்கும், சிலதுக்கு ஆயுசுக்கும் மூடாது. கழுத்துப் பட்டையில செயின் மாட்டி இழுக்காதீங்க, மூச்சுக்குழாய் ஏற்கனவே பலவீனம், வாத்து கத்துற சத்தத்துல இருமல் வரும், நெஞ்சுல மாட்டுற ஹார்னஸ்தான் சரி. அப்புறம் முட்டிச் சில்லு வெலகுறது, விழாத பால்பல்லு, சொத்தைனு செலவு வந்துக்கிட்டே இருக்கும், அதுவும் 12, 15 வருசத்துக்கு.

வெயிலுக்குனு பொமேரியனுக்கு மொட்டை போடுறாங்க பாருங்க, அது தப்பு, சிலதுக்கு முடி திரும்ப ஒழுங்கா வளரவே வளராது. மத்தியானம் வெளிய கூட்டிட்டுப் போகாம, ஃபேனுக்கடியில நெழல்ல விட்டாலே போதும்.

வாங்கியே தீருவேன்னு இருக்குறவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி தாய் நாயக் காட்டச் சொல்லுங்க, குட்டி தானா தட்டுல சாப்பிடுதானு நின்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டுல கூடையில வச்சு கைமாத்துறேங்குற ஆள்கிட்ட வாங்கவே வாங்காதீங்க.

உங்க கிட்டயும் ஒண்ணு கேக்கணும் சார். நாய்க்குட்டி விளம்பரம் வாங்கும்போது குட்டியோட வயசும் வாரியப் பதிவு நம்பரும் குடுத்தாதான் போடுவோம்னு உங்க விளம்பரப் பிரிவு சொன்னா என்ன? உங்களுக்கு நாலு விளம்பரம் கொறையலாம், எங்களுக்கு ராத்திரி பதினொரு மணி போன் கொறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை