இடது கதவின் கரகரப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் காரின் முன்பக்க இடது கதவிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது, சில நாள் அந்தப் பக்கமே ஊமையாகிவிடுகிறது, பழுது பார்க்கும் இடத்தில் நான்கு கதவுகளுக்கும் புதிய ஸ்பீக்கர் போட்டுவிடச் சொல்கிறார்கள் என்றெல்லாம் நேற்று தொலைபேசியில் சொன்னாய். நீயே மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு "முடியும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். விவரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் இப்போது எழுதுகிறேன். எப்படி மாற்றுவது என்பதைவிட, ஆராய்ந்து பார்க்காமல் எதையும் வாங்கிவிடாதே என்று சொல்வதற்காகவே முக்கியமாக எழுதுகிறேன்.

நமது பழைய காரின் பின்பக்க ஸ்பீக்கர் கதை உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்கு ஆறு வயது. பாட்டு நின்று நின்று வந்தது. ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து, மூன்று கிளிப்புகளை உடைத்து, கடைசியில் மாட்டியும்விட்டேன். மறுநாளே பாட்டு மீண்டும் நின்றது. ஆனால் நான் கடைக்குப் போவதற்கு முன்பே, பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த நீ, "கதவைத் திறந்தா பாட்டு வருது, சாத்தினா நின்னு போவுது" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாய். "சும்மா இரு" என்றேன். ஒரு மாதம் கழித்து, காரின் உடலுக்கும் கதவுக்கும் நடுவே கீலின் அருகில் வயர்கள் செல்லும் நெளிவுநெளிவான ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தபோது, வெளித்தோல் நன்றாக இருக்க உள்ளே செம்பு இழைகள் மட்டும் அறுந்து கிடந்தன. ஆண்டுக்கணக்கில் கதவு திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிர்ந்த இடம் அது. நோயைச் சரியாகச் சொன்னவள் நீ. காசைக் கொட்டியவன் நான்.

ஆகவே முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியை நிறுத்தி, நீ நன்கு அறிந்த ஒரு பாட்டைப் போட்டு, ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுவதும் இடதுபுறமாகவும் ஃபேடரை முழுவதும் முன்புறமாகவும் திருப்பி, அந்த ஒரு மூலையை மட்டும் பேச விடு. பிறகு மற்ற மூன்று மூலைகளையும் அதேபோல் ஒவ்வொன்றாகக் கேள். கரகரப்பு எல்லாப் பக்கமும் இருந்தால் குற்றவாளி கதவில் இல்லை; ஸ்டீரியோவையோ, பாட்டு வரும் போனையோ சந்தேகிக்க வேண்டும். வானொலியில் சுத்தமாகவும் போனில் மட்டும் கரகரப்பாகவும் இருந்தால் விஷயம் இன்னும் எளிது. இடது மூலையில் மட்டும்தான் என்று உறுதியானால், பாட்டு ஓடும்போதே அந்தக் கதவை மெல்லத் திறந்து மூடு. ஒலி விட்டுவிட்டு வந்தால் நான் மேலே சொன்ன ரப்பர் உறைக்கு நேராகப் போ. அடுத்து, உள்ளங்கையால் கதவின் உள்பக்கத்தை அங்கங்கே அழுத்திப் பார். அழுத்தும்போது சத்தம் நின்றால் அது ஸ்பீக்கரின் கரகரப்பே அல்ல, தளர்ந்த கிளிப்பின் அதிர்வு. கதவுப் பையில் கிடக்கும் ஒரு நாணயம்கூட அந்த வேலையைச் செய்யும் என்பதால் பையை முதலில் காலி செய்துவிடு.

கரகரப்பு எந்த அளவு ஒலியில் வருகிறது என்பதும் ஒரு துப்பு. மிகச் சத்தமாக வைக்கும்போது மட்டும் எல்லா மூலையும் கரகரத்தால், ஸ்டீரியோவைத் தன் சக்திக்கு மேல் கத்தச் சொல்கிறோம் என்று பொருள். மெதுவாக வைத்தாலும் ஒரே ஸ்பீக்கர் உரசுவதுபோல் ஒலித்தால் அதன் உள்ளே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். 1925 இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் விளக்கிக் காட்டிய அமைப்பைத்தான் இன்றைய கதவு ஸ்பீக்கரும் பின்பற்றுகிறது. ஒரு கூம்பு, அதன் அடியில் ஒட்டிய கம்பிச்சுருள், அந்தச் சுருள் முன்னும் பின்னும் ஓடக் காந்தத்தில் ஒரு மெல்லிய இடைவெளி, அவ்வளவுதான். சூட்டிலோ ஈரத்திலோ சுருள் சற்றுக் கோணினாலும், இடைவெளிக்குள் துரு புகுந்தாலும், சுருள் காந்தத்தில் உரசும். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் உதிர்ந்துபோனால் தாழ்ந்த சுருதிகளில் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் ஸ்பீக்கர் மீதே நின்றால் கதவைப் பிரிக்கலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திரு. சில கார்களின் கதவுகளுக்குள் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் இருக்கும். அதன் கப்ளரை, அதாவது வயரை மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பியை, கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிலைத்துவிடக்கூடும். பேட்டரியைத் துண்டித்தால் ரகசிய எண் கேட்கும் ஸ்டீரியோக்களும் உண்டு. உன்னுடையது அப்படியா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்.

கதவின் உள்தட்டை மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். அதன் ஸ்க்ரூக்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: கைப்பிடிக் குழிவின் சிறு மூடிக்குப் பின்னால், கை வைக்கும் திண்டின் அடியில், பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோணத் துண்டின் கீழே. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள். ஸ்க்ரூக்கள் போனபின் டோர் பேடைப் பிடித்திருப்பவை விளிம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், கிளிப்பும் போகும். அதற்கென்றே விற்கும் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் கொடுத்து, கீழிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விடுவி. உதிரிக் கிளிப்புகள் சிலவற்றை முன்பே வாங்கி வை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு உடையும். பல கார்களில் டோர் பேடின் மேல்விளிம்பு ஜன்னல் ஓரத்தில் கொக்கிபோல் மாட்டியிருக்கும் என்பதால் கடைசியில் மேல்நோக்கித் தூக்க வேண்டும். தூக்கியதும் வெடுக்கென்று இழுத்துவிடாதே. பின்னால் ஜன்னல் சுவிட்சின் கப்ளரும் கைப்பிடியின் கேபிளும் தொங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். பலர் அதை வெறும் காகிதம் என்று நினைத்துக் கிழித்து எறிகிறார்கள். இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. மழைநீர் ஜன்னல் கண்ணாடியின் ஓரமாக இறங்கிக் கதவுக்குள் போய், அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவுகளை வடிவமைக்கிறார்கள். அந்த நீர் பயணிகள் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள். சில கார்களில் கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதை வைத்தே மோதலை உணரும் சென்சார் இருப்பதால், தாள் கிழிந்தால் அதன் வேலையும் கெடும். ஆகவே பிசினை மெதுவாக உரித்து, தேவையான அளவு மட்டும் விலக்கு. அப்படியே அடியிலுள்ள துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்; அடைத்திருந்தால் ஸ்பீக்கர் நனைந்ததற்கான காரணமே அதுவாக இருக்கலாம்.

இப்போது மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். ஸ்பீக்கரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் சிறு எண்ணைக் குறித்துக்கொள். அதைப் பின்னால் கழிக்க வேண்டும். பிறகு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வை. 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டினால் அது சரியானதே. எழுதியிருக்கும் எண் ஒலி ஓடும்போதுள்ள மின்தடையைக் குறிப்பது. மீட்டர் காட்டுவது கம்பியின் தடையை மட்டும். மீட்டர் எதையுமே அளக்காமல் எல்லை மீறியதாகக் காட்டினால் சுருளோ அதற்குச் செல்லும் இழையோ அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உள்ளே குறுக்குச்சுற்று. எண் சரியாக இருந்தும் கரகரப்பு உண்டென்றால், இரு கைவிரல்களையும் கூம்பின் மேல் சமமாகப் பரப்பி மெல்ல அழுத்தி விடு. மணல் உரசுவதுபோல் கேட்டால் அந்த ஸ்பீக்கரின் ஆயுள் முடிந்தது. அழுத்தும்போது மீட்டரின் எண் தாவினாலும் அப்படித்தான். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கண நேரம் தொட்டு எடுப்பதும் நல்ல சோதனை: 'டப்' என்று கூம்பு அசைய வேண்டும், பாசிட்டிவ் முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் அது வெளிநோக்கி நகர வேண்டும்.

ஸ்பீக்கர் எல்லாத் தேர்விலும் வென்றுவிட்டால் சிக்கல் வயரில். வலது கதவின் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி இடது கப்ளரில் மாட்டிக் கேட்பதுதான் மறுக்க முடியாத சோதனை. அதற்காகப் பேட்டரியை மறுபடி இணைக்கும் முன் சென்சார் கப்ளர்கள் எல்லாம் அவற்றின் இடத்தில் இருப்பதை உறுதி செய்துகொள். இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: ஸ்பீக்கருக்கு வரும் இரு வயர்களில் ஒன்று எர்த் என்று எண்ணி அதைக் காரின் உடலில் தொட்டுவிடாதே. இக்காலத்துக் கார் ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவற்றில் இரு வயர்களுமே உயிருள்ளவை. காரின் உடலை வைத்து அளந்தால் இரண்டிலும் சுமார் 6 வோல்ட் இருக்கும். ஒன்றைத் தகரத்தில் தொட்டால் ஸ்பீக்கருக்குப் பதில் ஸ்டீரியோவுக்கே சமாதி கட்டவேண்டி வரும்.

புதிய ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று முடிவானால், முன்பக்க ஜோடியை மட்டும் மாற்று. ஒன்றை மட்டும் மாற்றினால் இரு பக்கமும் இரு குரலில் பேசும். நான்கையும் மாற்றுவதற்கோ எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. கதவுகளில் 6.5 அங்குல வட்டம் பரவலானது, ஆனால் 5.25 அங்குலமும் 6×9 அங்குல நீள்வட்டமும் உண்டு. விட்டத்தைவிட ஆழம்தான் பலரைக் கவிழ்ப்பது: ஜன்னல் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, கண்ணாடிக்கும் காந்தத்துக்கும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்த பிறகே கடைக்குப் போ. ஓம் எண் பழையதற்கு இணையாக இருக்கட்டும். 4 ஓமுக்கென்று செய்த ஸ்டீரியோவில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடாகித் தவிக்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணை நம்பாதே, ஆர்.எம்.எஸ். என்று சிறிதாகப் போட்டிருக்கும், தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தியே உண்மையானது. காரோடு வந்த ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் கொடுத்தாலே அதிகம் என்பதால், உன் கண் தேட வேண்டியது டெசிபெலில் எழுதிய சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு ஒலி எழுப்பும் என்ற அளவு. அதில் 3 டெசிபெல் குறைந்த ஸ்பீக்கர் அதே அளவு ஒலி எழுப்ப இருமடங்கு சக்தி கேட்கும்.

மாட்டும் வேலை இவ்வளவையும் பார்க்கச் சின்னது. பழைய ஸ்பீக்கரை ரிவெட்டால் அடித்திருந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும். அந்த இரும்புத் துகள்களைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்த பிறகே புதியதைப் பக்கத்தில் கொண்டு வா, இல்லையேல் காந்தம் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். காரின் வயரை வெட்டாதே; உன் கார் மாடலுக்கு ஏற்ற இணைப்புக் கப்ளரும் பிளாஸ்டிக் வளையமும் கிடைக்கும். மரத்தூள் பலகையில் செய்த வளையம் ஈரத்தில் ஊதிவிடும், அது வேண்டாம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிப்போனால் ஒரு பக்கக் கூம்பு தள்ளும்போது மறுபக்கக் கூம்பு இழுக்கும். எதுவும் பழுதாகாது, ஆனால் பாட்டின் அடித்தளம் காணாமல் போய்விடும். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவே நுரைப் பட்டை ஒட்டி இடைவெளியை அடைத்துவிடு. பின்பக்கத்து ஒலி முன்பக்கம் கசிந்தாலும் அதே நஷ்டம்தான். டோர் பேடை மாட்டும் முன் ஒரு முழுப் பாட்டையாவது போட்டுக் கேள். நான் அன்று அதைச் செய்யாமல் எல்லாக் கிளிப்பையும் அழுத்திய பிறகுதான் கேட்டேன். அதனால்தான் இரண்டாம் முறையும் பிரிக்க நேர்ந்தது.

இந்த வாரம் ஸ்க்ரூ எதையும் தொடாமல் பேலன்ஸைத் திருப்பிப் பார்த்து, கதவைத் திறந்து மூடும்போது என்ன கேட்கிறது என்பதை மட்டும் எனக்கு எழுது. பிரித்து அளக்கும் கட்டம் வந்தால், வலது கதவின் ஓம் எண்ணையும் சேர்த்தே எழுது. ஒப்பிட ஒன்று இருந்தால்தான் என்னால் இங்கிருந்து ஏதாவது சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கதவுத் தகரத்தின் உள்விளிம்புகள் பிளேடைப் போன்றவை. கையுறை இல்லாமல் கையை உள்ளே விடக் கூடாது என்று எழுதச் சொல்லி, என் முழங்கையிலுள்ள பழைய தழும்பைக் காட்டிக்கொண்டு உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.