குடை எங்கே என்று கேட்டவருக்கு

வணக்கம்.

இந்த மடலை எழுதி முடிக்க 9 நாள் ஆயிற்று. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்தாள். சொல் வராத இடத்தில் இடது கையை ஆட்டுவேன். அவள் நாலைந்து சொல் சொல்லிப் பார்ப்பாள், சரியானது வந்ததும் தலையாட்டுவேன். எங்காவது நடை ரொம்ப அழகாக இருந்தால் அது அவளுடையது.

மார்ச் மாதம் எனக்குப் பக்கவாதம் வந்த கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு முதல் சில நாள் நினைவிலேயே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன், நடக்கிறேன், வலது கைதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. இது போதும்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் சிங்கப்பூர்த் தேக்காவில் அவரைப் பார்த்து ஒளிந்துகொள்ள வேண்டும். நான் அப்பாவாக நடித்த தொலைக்காட்சித் தொடரில் என் மனைவியாக நடித்தவர், என் நிஜ மனைவியிடம் "அக்கா, நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, இந்த மனுஷனை நானும் 26 வாரம் மேய்ச்சவதான்" என்று சொல்லி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாராம். என் 'பிள்ளைகள்' மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். மூத்தவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், மீன் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, நள்ளிரவில் என்னைப் புரட்டிப் படுக்கவைத்த தாதிகள், உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன ரசிகர்கள், உங்கள் எல்லாருக்கும்தான் இந்தக் கும்பிடு.

போன சனிக்கிழமை அந்தத் தொடர்க் குடும்பம் முழுக்க எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தது. எங்கே சுற்றினாலும் பேச்சு 2003க்கே போய் நின்றது. அது சார்ஸ் நோய்க் காலம். கால்டிகாட் குன்றின் மேல் இருந்த தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைய, உடல் வெப்பம் பார்த்துச் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஒரு காட்சியை எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தோம், அப்பாவின் மார்பில் ஸ்டிக்கர். நல்ல டேக் அது, போச்சு. தமிழ் நிகழ்ச்சிகளின் வசந்தம் அப்போது தனி ஒளிவழி ஆகவில்லை. அது 2008இல்தான் ஆனது. சிறுவர் நிகழ்ச்சியும் கலை நிகழ்ச்சியும் ஓடிய அதே ஒளிவழியில் நமக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் எங்களுக்கு வாரம் அரை மணி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை அடுக்குமாடி வீடு மாதிரி போட்ட செட். சுவர் மூன்றுதான், நாலாவது சுவரின் இடத்தில் கேமராக்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அடுக்குமாடி புளோக், வெறும் அச்சடித்த துணிதான். குழாயில் தண்ணீர் வராது. குளிர்பதனப் பெட்டி ஓடாது, ஓடினால் சத்தம். அந்தப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில்தான் என் வசனத்தை ஒட்டிவைத்திருப்பேன். நீள வசனம் வந்தால் அப்பா எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பார். "இந்த அப்பாவுக்கு எப்பப் பாரு பசி" என்று நீங்களெல்லாம் ரசித்தீர்கள். இந்த ரகசியத்தை என் திரை மனைவி சனிக்கிழமைதான் போட்டுடைத்தார். என் நிஜ மனைவி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஒலிப்பதிவுக் குழுவில் பூம் மைக் பிடித்தவர் ஒரு மலாய்க்காரர். எல்லாரும் அவரை அபாங், அதாவது அண்ணன், என்போம். அவர் என்னை 'அப்பா' என்பார், என்னைவிட மூன்று வயது மூத்தவராக இருந்தும். நீளக் கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, நடிப்பவரின் தலைக்கு மேல், கேமராவில் தெரியாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை அது. 'கட்' என்கிற வரை இறக்க முடியாது. அடுத்து யார் பேசப்போகிறாரோ, அவர் வாயைத் திறக்கும் முன்பே மைக் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பேச ஆரம்பித்த பிறகு திரும்பினால் முதல் சொல் போய்விடும். அதனால் பூம் பிடிப்பவருக்கு எல்லார் வசனமும் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லாவது.

அபாங்குக்குத் தமிழ் தெரியாது. ஒத்திகையில் காதால் கேட்டுக் கேட்டு, வசனப் பிரதியின் ஓரத்தில் ரூமி எழுத்தில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதி வைத்துக்கொள்வார். ஒருமுறை நான் ஒரு வரியை முழுங்கிவிட்டேன். இயக்குநர் கவனிக்கவில்லை. அபாங்தான் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார்.

நிஜ வீடுகளில் படம்பிடிக்கும் நாளில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவோம். வியர்வை வழியும். அப்போதுதான் கீழே பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், மலாய்க் கல்யாணத்தில் கொம்பாங் மேளம் முழங்கும், ஜூலை என்றால் தேசிய தின ஒத்திகை விமானங்கள் பறக்கும். மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளும் சத்தம் எப்போதும் உண்டு. வீவக வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். எல்லாம் எடுத்து முடித்ததும் அபாங் ஒரு விரலைத் தூக்கி "ரூம் டோன்" என்பார். அரை நிமிடம் எல்லாரும் நின்ற இடத்தில் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். யாருமே பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்று பதிவு செய்துகொள்வார்கள். பிறகு வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் வைத்துத் தைக்க அது வேண்டும். எனக்கு அந்த அரை நிமிடத்தில்தான் சிரிப்பு வரும்.

ஒரு நாள் பூமின் நிழல் சுவரில் விழுந்தது. ஏழாவது டேக். எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தினேன். விளக்கை நகர்த்தியது வேறு ஆள் என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அப்போது 'அப்பா'.

இந்த ஏப்ரலுக்கு வருவோம். சமூக மருத்துவமனைக்கு மாற்றி இரண்டாவது வாரம். பேச்சுப் பயிற்சியாளர், சின்னப் பெண், அட்டைகளைக் காட்டுவார். கோப்பை, சாவி, நாய். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். சொல் மட்டும் வராது, வந்தால் வேறு ஏதாவது வரும். கோப்பையைப் பார்த்து 'செவ்வாய்' என்றேன். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசிய வாய். யார் பார்க்க வந்தாலும் தூங்குவதுபோல் நடிக்க ஆரம்பித்தேன். அது மட்டும் நன்றாக வந்தது.

அன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தேன். கோடாலித் தைல வாசனை அடித்தது. தோள் வலிக்கு அபாங் எப்போதும் தடவுவது. பார்த்து இருபது வருஷம் ஆகியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. காகிதம் புரண்டது. அப்புறம், ஆண் குரலைப் பெண் குரலாக இழுத்து, கொச்சையாக ஒரு வரி:

"என்னாங்கே... குடே எங்கே?"

என் வாய் சொன்னது: "என்னைக் கேட்டா? இந்த வீட்டுல நான் யாரு?"

தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும். 26 வாரமும் அப்பா சொன்ன பதில் அதுதான். தடங்கல் இல்லை, ஏற்ற இறக்கம் உட்பட அப்படியே வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். கோப்பிப் பையோடு வாசலில் நின்ற என் மனைவி, "லாகி, பாங், லாகி" என்றாள். மலாயில் 'இன்னொரு தடவை' என்று அர்த்தம். அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன். பதினொரு தடவை என்று அவள் சொல்கிறாள். அதற்கப்புறம் தண்ணீர் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். 'செவ்வாய்' என்றேன். அபாங் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்தார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று பயிற்சியாளர் பிறகு விளக்கினார். எண்ணுவது, பிரார்த்தனை, பாட்டு, பலநூறு தடவை சொல்லிப் பழகிய வரி, இவையெல்லாம் தேடிப் பேச வேண்டிய சொற்களுக்கு முன்னால் திரும்பி வருவது உண்டாம். அவரிடம் இருந்த தாள்களில் தமிழ் இல்லை. அபாங்கின் பழைய வசனப் பிரதிகளை நகலெடுத்துக்கொண்டார். ஓரத்தில் ரூமி எழுத்து இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று, அவரும் 'குடே எங்கே' கேட்க ஆரம்பித்தார்.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அபாங் இரண்டு பஸ் மாறி வந்தார். அம்மா, பிள்ளைகள், பாட்டி, எல்லா வேஷமும் அவரே. அர்த்தம் தெரியாமலே அழ வேண்டிய இடத்தில் அழுதார். ஐந்தாவது வாரம், என்னிடம் சொல்லாமல், வசனத்தை மாற்றினார்.

"என்னாங்கே... சாவி எங்கே?"

பழைய பதில் அதற்குப் பொருந்தவில்லை. ரொம்ப நேரம் தேடினேன். "மேஜை... மேலே" என்றேன். எழுதிவைத்த வரி இல்லை அது, நானே சொன்னது.

கடைசி நாள் படப்பிடிப்பில் எடுத்த குழுப் படத்தைச் சனிக்கிழமை பெரிதாக்கிப் பார்த்தோம். நாங்கள் 31 பேர் இருக்கிறோம். அபாங் இல்லை. ஓரத்தில் அவருடைய கம்பு மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இத்தனை வருஷமும் என் ஹாலில் மாட்டியிருக்கும் படம். எனக்குக் கை சரியானதும் அதே ஆட்களை வைத்து மறுபடி எடுப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம், நடுவில் அவர். வேண்டாம் என்றார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் இருந்தார். அந்த நிழல் விஷயத்தைச் சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "அபாங்... அன்னைக்கு... நிழல்..." அதோடு நின்றுவிட்டது. மன்னிப்பு என்ற சொல் தமிழிலும் வரவில்லை, மலாயிலும் வரவில்லை. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை.

அவர் விரலைத் தூக்கினார். "ரூம் டோன்."

இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. சமையலறையில் என் மனைவி பாத்திரத்தை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பஸ் ஒன்று கிளம்பிப் போனது. அரை நிமிடம் ஆகும் முன்னே மேல்வீட்டில் கோலிக்குண்டு உருண்டது.

அபாங் தலையை ஆட்டினார். "லாகி" என்றார்.

மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தோம்.

உங்கள்
'அப்பா'