ஜானின் பகல்களையும் காட்டுங்கள்

பிபிசி நாடகப் பிரிவினருக்கும், அரச குடும்பத்துக் கதைகளைத் தொடராக எடுக்கும் மற்றவர்களுக்கும்,

வணக்கம். வலிப்பு நோய் இருந்த பிரிட்டிஷ் இளவரசன் ஜானைப் பற்றி 2003 ஜனவரியில் இரண்டு பாகங்களாக வந்த 'தி லாஸ்ட் பிரின்ஸ்' தொடரைப் போன மாதம்தான் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகும் வெகு நேரம் தூக்கம் வரவில்லை. என் தம்பிக்கும் வலிப்பு உண்டு.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கடைசி மகன் ஜான். 1905இல் பிறந்தான். நான்கு வயதில் முதல் வலிப்பு. 1911இல் அப்பாவின் முடிசூட்டு விழாவுக்கு அவனை அழைத்துப் போகவில்லை. பிறகு முதல் உலகப் போர்க்காலத்தில், அரச குடும்பத்துக்குச் சொந்தமான சாண்ட்ரிங்ஹாம் பண்ணைகளில் ஒன்றான வுட் ஃபார்மில் லாலா என்ற தாதியோடு தனியாகக் குடிவைத்தார்கள். 1919 ஜனவரி 18 அன்று, 13 வயதில், கடுமையான வலிப்புக்குப் பிறகு தூக்கத்திலேயே இறந்துபோனான். அவனுக்கு வலிப்பு நோய் இருந்தது என்பதே அதற்கு அப்புறம்தான் மக்களுக்குத் தெரிந்தது.

உங்கள் தொடர் அரண்மனையையும் போரையும் அந்தப் பையனின் கண்வழியே காட்டியது. அதற்கு நன்றி. ஆனால் அவனைப் பற்றி வரும் மற்ற நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் 'ரகசியம்' என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. பையன் பின்னால் போய்விடுகிறான். வுட் ஃபார்மில் அவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. வினிஃப்ரெட் என்ற சிறுமி கூட விளையாட வருவாள். ஆஸ்துமாவுக்காக ஊர் மாறி வந்தவள் அவள். பாட்டி அலெக்சாண்ட்ரா சாண்ட்ரிங்ஹாமில் அவனுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பூட்டிய கதவை மட்டும் காட்டினால், அவனை இன்னொரு முறை ஒளித்துவைத்த மாதிரிதான்.

மருந்து பற்றியும் யாரும் பேசுவதில்லை. வலிப்புக்கு புரோமைடு உதவுகிறது என்று 1857இல் சொன்ன சார்லஸ் லோகாக், ஜானின் கொள்ளுப்பாட்டி விக்டோரியாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர். 1912இல் பினோபார்பிட்டோனின் பயனும் தெரிந்துவிட்டது. என் தம்பி முதலில் விழுங்கியது அந்த மாத்திரையைத்தான். இதைச் சேர்த்துச் சொன்னால், பார்க்கிறவர்கள் இதைச் சாபம் என்று நினைக்காமல் நோய் என்று நினைப்பார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் உள்தாழ்ப்பாள் கிடையாது, அப்பா கழற்றிவிட்டார். கல்யாண வீடுகளில் தம்பியைப் பின்கட்டில் உட்கார வைப்பார்கள். ஒரு முறை வலிப்பு வந்தபோது யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். அவன் விரல்களில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், கையிலோ வாயிலோ எதையும் திணிக்கக் கூடாது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இதை ஒரு தொடர் ஒரே காட்சியில் சொல்லிவிடலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வலிப்பைக் காட்டும்போது, பறையும் அலறலும் சேர்த்து அந்த இரண்டு நிமிடத்தோடு வெட்டிவிடாதீர்கள். அதற்கப்புறம் வரும் அசந்த தூக்கத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் லாலா உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கட்டும். பையன் மெல்லக் கண் திறக்கட்டும். என் தம்பி எழுந்ததும் முதலில் கேட்பது, "மணி என்ன?" என்றுதான்.

அன்புடன்,
ஓர் அக்கா