ஆண்டைப் போட்டுத் தேடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள நம் செப்புத் திருமேனிகளை இணையத்திலேயே பார்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 'சோழர்', 'நடராஜர்' என்று தேடச் சொல்லியிருந்தீர்கள். சரி, ஆனால் பெயரைப் போட்டால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் முன்னால் வரும். காலத்தை வைத்துத் தேடும் வழியையும் சொல்லியிருக்கலாம். பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் அந்தக் காலத்தை ஒட்டிய பொருட்களைப் பாருங்கள். சோழர் வெண்கலங்கள் வரும். எகிப்திலிருந்து ஏறக்குறைய 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த மண் கிண்ணம் ஒன்று வரும்: வெள்ளைப் பூச்சின் மேல் உலோகம்போல மின்னும் பொன்னிறத்தில் ஒரு கழுகு சிறகை விரித்து நிற்கிறது. ஃபாத்திமியர் ஆட்சிக்காலத்து வேலை. சீனத்தின் சுங் காலப் பீங்கான்களும் வரும். 1015இல் சோழத் தூதுவர்கள் சுங் அரசவைக்குப் போனார்கள் என்று படித்துவிட்டு எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்தப் பீங்கானைப் பெரிதாக்கிப் பார்த்த பிள்ளைகள், தூதுவர்கள் என்ன கொண்டுபோனார்கள், என்ன வாங்கிவந்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள்.

அடுத்து 1858. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சையையும் படம் எடுத்த ஆண்டு அது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகளை ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல்தான். அதே 1850களின் கடைசியில்தான் ஜப்பானில் ஓவியர் ஹிரோஷிகே எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சிகளை மரஅச்சில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். பெயரை வைத்துத் தேடினால் இந்த இருவரும் ஒரே திரையில் சந்திக்கவே மாட்டார்கள்.

இது தானாக நடப்பதில்லை. 'கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதி' என்று எழுத்தில் மட்டும் இருந்தால் கணினியால் அதை வரிசைப்படுத்த முடியாது. மெட்ரோபாலிட்டன் பொதுவில் வைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு என்று எண்ணாகவே இரண்டு கட்டங்கள் உண்டு. கி.மு. என்றால் கழித்தல் குறி. அப்புறம், செய்த ஆண்டு வேறு, அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு வேறு. இரண்டையும் தனித்தனியாகவே பதிய வேண்டும்.

1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் முதல் மாவட்ட அருங்காட்சியகங்கள் வரை, நம் பொருட்களின் பதிவுகள் எல்லாம் இப்படித் தொடக்க, முடிவு ஆண்டுகளோடு இணையத்தில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. காலம் உறுதியாகத் தெரியாவிட்டால் 900 முதல் 1100 வரை என்று அகலமாகப் போட்டாலும் போதும், தேடலில் சிக்கிவிடும். படம் நன்றாக வரட்டும் என்று காத்திருந்து ஆண்டைப் பதியாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்டை இப்போதே பதியலாம், படத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு பக்கத்தை ஒரே ஓர் ஆண்டுக்கு ஒதுக்கி, அந்த ஆண்டில் உலகின் நான்கைந்து ஊர்களில் உருவான பொருட்களைப் படத்தோடு போடுங்கள். மெட்ரோபாலிட்டன் 2017இலேயே தன்னிடமுள்ள பதிப்புரிமைத் தடையில்லாத படங்கள் 3,75,000க்கு மேல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டதால், படத்துக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. முதல் மாதத்துக்கு 1010ஐயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்