ஜமக்காளம் தந்தவர் முதல் ஆமைக்கதை சொன்னவர் வரை

அன்புள்ள சைதாப்பேட்டைக்காரர்களுக்கு,

வணக்கம். நம் கிளை நூலகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் கதைநேரம், கோடை வெயிலுக்காக இப்போது நின்றிருக்கிறது. ஜூனில் மறுபடி தொடங்கும். அதற்குள் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிடலாமே என்று வாசகர் வட்டம் சார்பில் இதை எழுதுகிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர், பெயரைப் போட்டால் ‘என் பேரை எதுக்கும்மா இழுத்தே’ என்று சண்டைக்கு வருகிற ஆட்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று தெருவுக்கே தெரியும்.

கதைநேரத்துக்கு வாராவாரம் ஒரு தலைப்பு வைத்தோம். மழை, காய்கறி, வண்டி, துணி, ஆமை, வட்டம் என்று. ஒரே பொருள் கதையிலும் வந்து, பாட்டிலும் வந்து, கையிலும் கிடைத்தால் சின்னப் பிள்ளைக்கு அது சட்டென்று சொந்தமாகிவிடுகிறது. ஆனால் பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் தலைப்பு அதிகம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அலமாரி முழுக்கப் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்காமல் ஒரு பக்கமாகத் தேட அது உதவியது. தலைப்பை எழுதி ஒட்டியது மட்டும்தான் நாங்கள். அதற்குள் சரக்குப் போட்டது நீங்கள்.

முதல் நன்றி பால்வாடி டீச்சருக்கு. அங்கன்வாடியில் மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று நடத்திப் பழகியவர். எங்கள் திட்டத் தாளை வாங்கிப் பார்த்தார், சிரித்தார், பேனாவை எடுத்தார். “நீளமான கதையை முதல்ல வைங்க. கடைசியில வெச்சா அது உங்களுக்கு மட்டும்தான் கதை” என்றார். இன்றுவரை அவர் போட்டுக் கொடுத்த வரிசைதான் ஓடுகிறது. ஒவ்வொரு வாரமும் அதே வரவேற்புப் பாட்டு, மாற்றவே கூடாது. பாட்டு கேட்டதும், அழுதுகொண்டே வந்த பிள்ளைக்கும் இது தெரிந்த இடம்தான் என்று புரிந்துவிடுமாம். அப்புறம் பெரிய கதை. உடனே எல்லாரும் எழுந்து குதிக்க ஒரு ஆட்டம். பிறகு நாலைந்து நிமிடத்தில் முடிகிற குட்டிக் கதை. கடைசியாகக் கைவேலை. மொத்தமும் அரை மணி, மிஞ்சிப்போனால் நாற்பது நிமிடம். ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு இரண்டாவது கதையைத் தொடங்கிப் பாருங்கள், பாதிப் பேர் மேசைக்கு அடியில் இருப்பார்கள்.

புத்தகத்தைப் பிடிக்கும் விதம்கூட அவர் சொன்னதுதான். முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், படம் எப்போதும் பிள்ளைகள் பக்கம் பார்க்க வேண்டும், பக்கத்தைத் திருப்புமுன் ஒரு நொடி நிறுத்தி ‘இப்ப என்ன ஆகும்?’ என்று கேட்க வேண்டும். பதில் தப்பாக வந்தால் திருத்தக் கூடாது. யானை முட்டை போடும் என்று ஒரு பயல் சொன்னால், சரி, எவ்வளவு பெரிய முட்டை என்று கேட்டுவிட்டு மேலே போக வேண்டும்.

நூலகர் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாளிதழ் மேசைகளை ஓரம் தள்ளி, தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டை ஒதுக்கி, புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்திவைத்தார். எழுத்து தெரியாதவர்கள் முதுகைப் பார்த்து எப்படிப் புத்தகம் எடுப்பார்கள்? சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிவைத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ஒன்று உண்டு. “வாசகருக்கு வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு அவர் எங்கேயும் சொல்லலையே” என்பார் நம் நூலகர். ஓரம் கடிபட்ட புத்தகங்களை நாங்கள் கூச்சத்தோடு நீட்டியபோது, ஒரு வார்த்தை பேசாமல் பசையை எடுத்துவைத்தவர் அவர்.

இந்த இடத்தில் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நன்றி. வீட்டுவரி கட்டும்போது நூலக வரி என்று ஒன்றும் சேர்த்தே கட்டுகிறீர்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து நடக்கும் ஏற்பாடு. அந்தக் காசில்தான் இந்தக் கட்டடமும் மின்விசிறியும் புத்தகங்களும். யாராவது ‘நாங்க ஒண்ணும் செய்யலையே’ என்று தயங்கினால் ரசீதை எடுத்துப் பாருங்கள்.

புத்தகம் தேடுவது லேசான வேலை இல்லை. புத்தகத்தின் பெயரில் மழை என்று இருந்தாலே மழைப் புத்தகம் என்று எடுத்துவிட முடியாது. ஒரு பக்கத்துக்கு இருபது வரி இருந்தால் மூன்று வயதுக்கு ஆகாது. படம் உள்ளங்கை அளவு இருந்தால் பின்வரிசைக்குத் தெரியாது. அப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சுவது கொஞ்சம்தான். நல்ல புத்தகம் தலைப்புக்கு ஒட்டவில்லை என்றால் தலைப்பைத்தான் மாற்றினோம், புத்தகத்தை விடவில்லை. நம் சென்னையிலேயே துளிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. அவற்றை ஏ3 தாளில் கலரில் அச்சடித்து, தாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்ட ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி. முதலை படம் மங்கலாக வந்தது என்று சொல்லாமலே இன்னொரு முறை அடித்துக் கொடுத்தாயே, அதற்குத் தனியாக.

வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளும் நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்காக எழுத்தே இல்லாத படப் புத்தகங்களை எடுத்தோம். படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் எந்த மொழியிலும் கதை சொல்லலாம். ஒரு முறை ஒரு பாட்டி தெலுங்கில் சொல்ல, தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்கள்.

காய்கறி வாரத்துக்குப் பஜார் ரோட்டுக் காய்கறிக்கார அக்காவிடம் கேட்டது, பழகிப்போன நாலு காய் கொடுங்கள் என்றுதான். அவரோ கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கூடையோடு நேரிலேயே வந்துவிட்டார். மஞ்சப்பைக்குள் காயைப் போட்டு, கண்ணால் பார்க்காமல் தொட்டு மட்டும் பேர் சொல்லணும் என்று ஒரு விளையாட்டு. பாகற்காயைத் தொட்டவன் ‘முதலை’ என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டான். அடுத்து வாழைப்பூ. நாங்கள் யாரும் யோசிக்காதது அது. மடலை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் பூக்களைக் காட்டி, “இந்தப் போர்வைக்குள்ள இத்தனை பாப்பா தூங்குது, ஆனா ஒவ்வொரு பாப்பா கிட்டயும் ஒரு கள்ளன் ஒளிஞ்சிருக்கான், பிடிக்கலைன்னா கறி வேகாது” என்றார். சமைக்கிறவர்களுக்குத் தெரியும், வேகாத அந்த நடு நரம்பைத்தான் கள்ளன் என்கிறோம். பிறகு என்ன, ஆளுக்கு ஒரு பூ, கள்ளன் பிடிக்கும் வேலை. வழக்கமாக ஒரு நிமிடம் உட்காராத பிள்ளைகூட நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடுத்துவைத்திருந்த இரண்டாவது கதையை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வாழைப்பூக் கறை துணியில் பட்டால் போகாது என்று தெரிந்தும் வாயைத் திறக்காத அம்மாக்களுக்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

வண்டி வாரத்தில் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, அத்தனை பேரையும் ஹாரன் அடிக்க விட்ட ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. துணி வாரத்துக்கு வெட்டுத்துணி மூட்டையைத் தந்து, விரல் பொம்மைக்கு ஓரமும் அடித்துக் கொடுத்த தையற்கடை அண்ணனுக்கும்.

தலைப்புகளைக் காலத்தோடு ஒட்டி வைத்தால்தான் எடுபடுகிறது. வெளியே வெயில் கொளுத்தும்போது மழைக்கதை சொன்னால் அது வெறும் படம். அதனால் மழையை வடகிழக்குப் பருவத்துக்கு, ஐப்பசிக்கு வைத்திருந்தோம். காகிதக் கப்பல், தவளைப் பாட்டு, குடை என்று எல்லாம் குதூகலமாகத்தான் திட்டம். முந்தின வாரம் ஆற்றோரத்திலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டி, கதவருகே நின்று, “மழைன்னா எங்க வீட்ல பரண்தாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடையாறு பொங்கி மறைமலையடிகள் பாலத்திலேயே போக்குவரத்தை நிறுத்திய 2015 டிசம்பரை நாம் யாரும் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. ஆனால் 2023 மிச்சாங் புயலில் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடப்பட்டவர்கள் இவர்களில் உண்டு. அந்தக் கதை வீட்டில் அடிக்கடி பேசப்படுகிறது. காகிதக் கப்பலை எடுக்கவில்லை. பாட்டியையே ஒரு கதை சொல்லச் சொன்னோம். தண்ணீர் ஏறின ராத்திரி, கோழியைப் பானைக்குள் வைத்துப் பரணில் ஏற்றின கதையைச் சொன்னார். விடிந்து பார்த்தால் பானைக்குள் ஒரு முட்டை. கோழி கத்துகிற இடத்தில் எல்லாரும் கத்தினார்கள். பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. மழைப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பயத்தைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்குமா என்பது சந்தேகம்தான். பாட்டி, அடுத்த ஐப்பசிக்கும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு.

ஆமைக்கு மாசி மாதம். நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும் பருவம். 1988 முதல் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் இரவில் நடந்து முட்டைகளைத் தேடிக் காப்பாற்றிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைப் பற்றிப் பலருக்குத் தெரியும். அப்படி இரவு நடை போய்ப் பழகிய கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், தூங்காத கண்ணோடு நேராக நம்மிடம் வந்தார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும், ஏழெட்டு வாரத்தில் பொரிக்கும் என்று சொல்லிவிட்டு, ஜன்னலை எல்லாம் சாத்தச் சொன்னார்கள். இருட்டில் ஒரு மூலையில் மங்கலாக ஒரு டார்ச், அது கடல். எதிர்மூலையில் பளிச்சென்று இன்னொன்று, அது தெருவிளக்கு. பிள்ளைகள் எல்லாம் ஆமைக் குஞ்சுகள், தவழ்ந்து வெளிச்சத்துக்குப் போக வேண்டும். பாதிக் குஞ்சுகள் தெருவிளக்குக்கே போய்விட்டன. கடற்கரையில் குஞ்சுகளுக்கு நடப்பதும் இதேதான். பிறகு தெருவிளக்கை அணைத்து மறுபடி விட்டார்கள். எல்லாம் கடலுக்குப் போயின. அன்றைக்கு நாங்கள் வைத்திருந்த கைவேலை, காகிதத் தட்டில் ஆமை ஒட்டுவது. அதை யாரும் சீந்தவில்லை. ‘ஆமை அம்மா எங்க?’ என்று ஒரு சின்னவள் விடாமல் கேட்டாள். முட்டை போட்டதும் அம்மா கடலுக்குப் போய்விடும், திரும்பி வராது என்று அந்தத் தம்பி பொய் கலக்காமல் சொன்னான். ‘அப்போ இந்த அண்ணன்தான் பாத்துக்குவாரு’ என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

இன்னும் சிலர். கல்யாணம் இல்லாத நாட்களில் ஜமக்காளம் தந்த மண்டபத்து மேனேஜர். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு விரல் பங்கு வைத்து, அக்குள்வரை நண்டு விட்டுச் சிரிக்க வைக்கும் விளையாட்டை எங்களுக்கு நினைவுபடுத்திய எல்லாப் பாட்டிகளும். போனை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்த அப்பாக்கள், எண்ணிக்கை குறைவுதான் என்றாலும்.

‘அ, ஆ எழுதச் சொல்லிக் குடுக்கலையா?’ என்று கேட்டவர்களுக்கும் நன்றி. இல்லை, சொல்லித் தரப்போவதுமில்லை. அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இங்கே கதை கேட்டால் போதும். போன வாரக் கதையையே மறுபடி சொல்லு என்று பிள்ளை அடம்பிடித்தால் அதையே சொல்வோம், தலைப்பு எதுவாக இருந்தாலும்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைப்பு ‘சத்தம்’. பழைய சைக்கிள் மணி, வெண்கல மணி, மூடியோடு பிஸ்கட் டப்பா, உடுக்கை, ஓட்டைப் பாத்திரம் எதுவானாலும் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பேர் எழுதி ஒட்டிக் கொடுத்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் இருக்கும் வெடி மட்டும் வேண்டாம். ஒருத்தர் ஏற்கனவே கேட்டுவிட்டார்.

நன்றியுடன்,
கதைநேரக் குழு சார்பில்,
வாசகர் வட்டம், சைதாப்பேட்டை