காவடி பார்க்க வரும் பஸ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்மிகச் சுற்றுலா வந்தால் ஊர் செழிக்கும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எந்த ஊர் என்பதுதான் என் கேள்வி. மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, தமிழரல்லாதவர்களும் காவடி எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் பார்க்க வருகிறார்கள், வரட்டும். ஆனால் கடற்கரை ஓட்டலில் தங்குகிறவரிடம் காவடி காட்டுகிறோம் என்று காசு வாங்குவது சுற்றுலா நிறுவனம். கொடியேற்றியதிலிருந்து விரதம் இருந்து, தெருவைப் பெருக்கி, பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வாழையிலையில் ஏழு கறியோடு சோறு போடுவது எங்கள் சனம். பஸ் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது, படம் எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள் (அன்னதானத்துக்குக் கணக்குப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை), இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். குடிக்கிற தண்ணீர்கூட ஓட்டல் பாட்டில்தான்.

தலைநகர் போர்ட் லூயியின் செந்த் க்ருவா பகுதியில் பெர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் சமாதியைப் பாருங்கள். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தவர், 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தார். வருடாவருடம் அவர் இறந்த நாளில் மதம் பார்க்காமல் சனம் திரளுகிறது, நம் தமிழரும் போகிறார்கள், பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்துகூட வருகிறார்கள். கும்பிட வருகிறவர் மெழுகுவத்தி வாங்குகிறார், பூ வாங்குகிறார், பசித்தால் பக்கத்திலேயே சாப்பிடுகிறார். வேடிக்கை பார்க்க வருகிறவருடைய செலவெல்லாம் பஸ் ஏறும் முன்பே வேறு யார் கையிலோ போய்விடுகிறது. உங்கள் கட்டுரை இரண்டு பேரையும் ஒன்றாகவே எண்ணிவிட்டது.

பணத்தைவிட எரிச்சல் கேமரா. அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள், ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு நிற்கும் பெண்களையும் விடுவதில்லை. அப்புறம் அந்த வழிகாட்டிகளின் விளக்கம்! முருகனுக்கு வலி பிடிக்கும் என்கிற மாதிரி ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலும் பேசுவார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்து விளக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, கோயிலில் கட்டணம் வைக்கலாமே என்பீர்கள். கூடவே கூடாது. சிறப்பு தரிசன வரிசை உங்கள் ஊரில் என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காசு வாங்கி ஆள் கூட்டிவருகிற நிறுவனம்தான் தலைக்கு இவ்வளவு என்று கோயில் அடுப்படிக்கும் மறுநாள் குப்பை அள்ளுகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பஸ்ஸையும் ஊருக்கு வெளியே நிறுத்தட்டும். நடந்து வந்தால் வழியில் ஒரு இளநீராவது வாங்குவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காத்ர் போர்ன், மொரிஷியஸ்